நியூஸ்ரெட் மாளிகையின் பேய்கள்: சொத்துரிமையும் ஐதிகமும்

பேய்க்கதைகளை ஆய்வுப் பொருளாகக் கொள்வதில் நம்மிடையே இருவகைத் தயக்கங்கள் உள்ளன. மரபுவழி வந்த புலமையாளர் அவற்றை இலக்கியத் தகுதியற்ற பாமரர் பேச்செனத் தள்ளுவர். முற்போக்குச் சிந்தனையாளரோ மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லோடு அமைந்துவிடுவர். இவ்விரண்டினுள் பின்னையதே எனக்குக் கூடிய கவலை தருவது. ஒரு நம்பிக்கை பொய்யானது என நிறுவுவதோடு ஆய்வாளனின் கடமை முடிந்துவிடுவதில்லை. அப்பொய் ஏன் அவ்விடத்தில், அக்காலத்தில், அவ்வுருவில் தோன்றியது என்பதையும், அதனை யார் யார் எவ்வெவ் வகையிற் பயன்படுத்தினர் என்பதையும் அவன் விளக்கியாக வேண்டும். பேய் இல்லை என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் பேய்க்கதை உண்டு; அது மனிதரால் ஆக்கப்பட்டது; ஆகவே அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஆங்கிலப் பிரபுத்துவ மாளிகையொன்றின் பேய்களை. இங்கிலாந்தின் பழைய மாளிகைகளுள் பேயில்லாதது அரிது. அவற்றுள் நொற்றிங்ஹாம் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 12 மைல் தொலைவிலுள்ள நியூஸ்ரெட் மாளிகையை யாம் தெரிவதற்குக் காரணம் இரண்டு. கவிஞர் பைரனின் பரம்பரை இல்லமாக இருந்தமையால் அதன் கதைகள் எழுத்திற் பதிவாகியுள்ளன. மேலும், அம்மாளிகை யார் யார் கைக்கு எவ்வெவ் வழியால் மாறியது என்பதும் ஆவணங்களில் தெளிவாக உள்ளது. கதைகளையும் ஆவணங்களையும் அருகருகே வைத்து நோக்கும் வாய்ப்பு எல்லா மாளிகைகளிலும் கிட்டுவதில்லை.

நியூஸ்ரெட் முதலில் மாளிகையாக இருக்கவில்லை. 12 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் அங்கு ஒரு துறவு மடத்தை நிறுவினான். பேராயர் தோமஸ் பெக்கற்றின் கொலைக்குக் கழுவாயாக அவன் இதனைச் செய்தான் என்பது மரபுச் செய்தி. அம்மடத்தில் வாழ்ந்தோர் புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றிய, கரிய மேலாடை அணிந்த குருத்துவத் துறவிகள். இரந்துண்டு ஊர் ஊராய்ச் சென்று போதிக்கும் துறவிகள் வேறு. அவர்கள் நியூஸ்ரெட்டில் ஒருபோதும் வாழ்ந்தாரல்லர். இவ்வேறுபாட்டை வாசகர் மனங்கொள்ள வேண்டும். ஏனெனில் இம்மாளிகையின் புகழ்பெற்ற பேய் ‘கரிய பிச்சைத் துறவி’ எனும் பொருள்படும் பெயராலேயே வழங்குகிறது. தன் சபை எதுவென்று தெரியாத பேய் அது! பழைய மடவாழ்வின் உண்மையான நினைவு மறைந்தபின், பிற்கால மாளிகைவாசிகளின் கற்பனையில் உருவான ஒன்று என்பதற்கு அதன் பெயரே சான்று.

இடைக்காலக் கிறித்தவத்தில் மடத்துக்கு ஒரு குறிப்பிட்ட சமூகப் பணி இருந்தது. இறந்தோரின் ஆன்மாக்கள் உத்தரிக்கும் தலத்தில் வேதனைப்படுகின்றன என்றும், உயிரோடிருப்போர் ஒப்புக்கொடுக்கும் பூசையும் செபமும் அவ்வேதனையைக் குறைக்கும் என்றும் திருச்சபை போதித்தது. பிரபுக்கள் மடங்களுக்கு நிலம் கொடுத்தனர். மடத்தார் அப்பிரபுக்களின் முன்னோருக்காகப் பூசை செய்தனர். நிலத்துக்கும் இறந்தோருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் நிலவியது எனலாம். இக்கட்டமைப்பில் பேய்க்குக் கூட ஓர் ஒழுங்கான இடம் உண்டு. அது செபம் கேட்டு வரும். செபம் கிடைத்ததும் அடங்கும்.

எட்டாம் ஹென்றியின் காலத்தில் இவ்வொப்பந்தம் ஒருதலையாக முறிக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 200 பவுணுக்குக் குறைந்த மடங்களைக் கலைக்கும் சட்டம் 1536 இல் நிறைவேறியது. நியூஸ்ரெட் அவ்வகையைச் சேர்ந்ததேயாயினும் அரசனுக்குப் பணம் செலுத்தி விலக்குப் பெற்றது. அவ்விலக்கு நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1539 இல் மடம் அரசனிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைவருக்கும் துறவிகளுக்கும் ஓய்வூதியம் வழங்கப்பட்டது. 1540 இல் சேர் ஜோன் பைரன் என்ற நிலவுடைமையாளர் அதனை 810 பவுணுக்கு வாங்கினார். துறவிகள் தமது வெண்கலக் கழுகு வடிவ வாசக மேடையினுள் மடத்தின் ஆவணங்களை மறைத்து ஏரியில் எறிந்தனர் என்றும், 18 ஆம் நூற்றாண்டில் அது மீட்கப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது. அம்மேடை இப்போது சவுத்வெல் பேராலயத்தில் உள்ளது. நிலம் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் உறுதிகளை ஒளித்துவைப்பதில்லை. துறவிகளின் வரலாற்றில் எம் மனத்தைத் தொடுவது, பிற்காலப் பேயைவிட, நீருக்கடியிற் கிடந்த அந்த உறுதிகளே.

மடங்களின் கலைப்பை மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதற்றொகுதியில் ஆதித் திரட்டல் பற்றிய பகுதியில் ஆராய்கிறார். திருச்சபை நிலங்கள் அரச விருப்புக்குரியோருக்கும் பணம் படைத்தோருக்கும் மலிந்த விலைக்குச் சென்றமையும், அந்நிலங்களில் வழிவழி வாழ்ந்த குடியானவர் வெளியேற்றப்பட்டமையும் கூலித் தொழிலாளர் வர்க்கம் தோன்றுதற்கு ஏதுக்களாயின என்பது அவர் காட்டும் உண்மை. புதிய உடைமையாளருக்கு நில உரிமை சட்டப்படி இருந்தது. ஆயின் நியாயப்படி இருந்ததா என்ற ஐயம் அக்காலத்தவர் மனத்தில் எளிதில் அகலவில்லை.

‘சிவன் சொத்துக் குலநாசம்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அறக்கட்டளைக்குத் தீங்கு செய்தோன் காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவான் என்று நம் கல்வெட்டுகள் முடிவதும் யாவரும் அறிந்ததே. இதே கருத்து 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓர் ஆய்வேடாகவே எழுதப்பட்டது. சேர் ஹென்றி ஸ்பெல்மன் என்னும் தொல்லியலறிஞர், தாமே மடநிலங்கள் தொடர்பான வழக்கில் நட்டமடைந்தவர், நோபக் மாவட்டத்தில் 12 மைல் ஆரத்துக்குட்பட்ட பழங்குடும்பங்களின் இருப்பிடங்களையும் முன்னாள் மடங்களின் நிலங்களையும் ஒப்பிட்டார். மடநிலங்களை வாங்கிய குடும்பங்கள் நிலைக்கவில்லை, அவை மீண்டும் மீண்டும் கைமாறின என்பது அவரது முடிவு. 1641 இல் அவர் இறந்தார். நூல் அச்சேறியது 1698 இலேயே. மடநிலம் விரைவாகக் கைமாறியமைக்குக் காரணம் அது சந்தைப் பொருளாகிவிட்டமையே என்பது இன்று நமக்கு விளங்குகிறது. ஸ்பெல்மன் கண்ட தரவு சரியானதாயிருக்கலாம்; அதற்கு அவர் கண்ட காரணம் தெய்வ தண்டனை.

புரட்டஸ்தாந்து இறையியல் உத்தரிக்கும் தலத்தை மறுத்தது. இறந்தோருக்குப் பூசை செய்வதற்கென விடப்பட்ட அறக்கட்டளைகள் 1547 இல் ஒழிக்கப்பட்டன. ஆன்மா நேரே மோட்சத்துக்கோ நரகத்துக்கோ செல்லுமாயின் திரும்பி வருவதற்கு இடமில்லை. எனவே பேய் என்று எதுவும் இருக்க முடியாது. இதனைப் போதகர்கள் ஓயாது கூறினர். எனினும் பேய்கள் ஒழியவில்லை. இறந்தோரைக் கவனிக்கும் நிறுவனம் அழிந்துவிட்டது. கவனிக்கப்படாத இறந்தோர் எஞ்சினர். ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தில், பறிக்கப்பட்ட அரசுரிமையைப் பற்றிப் பேச வரும் தந்தையின் ஆவி, உத்தரிக்கும் தலத்தை ஒழித்துவிட்ட ஒரு நாட்டின் அரங்கில் அத்தலத்திலிருந்தே வருவது போலப் பேசுவது கருதத்தக்கது.

நியூஸ்ரெட்டின் பேய் நம்பிக்கைகளை விரிவாகப் பதிவு செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் வொஷிங்டன் இர்விங். அவர் 1832 சனவரியில் அங்கு தங்கி, 1835 இல் வெளியிட்ட நூலில் வேலையாட்களும் அயலவரும் கூறிய கதைகளைத் தொகுத்தார். அவற்றுள் இரண்டு எம் ஆய்வுக்கு முக்கியமானவை.

ஒன்று, மடத்தை வாங்கிய முதற் பைரனாக இர்விங் கொள்ளும் ‘பெருந்தாடிக் குறுவுருவ ஜோன்’ பற்றியது. அவரது ஓவியம் நள்ளிரவில் சட்டத்தை விட்டிறங்கி மாளிகையின் அறைகளிற் சுற்றி வருமாம். விருந்தாக வந்த இளம்பெண்ணொருத்தி, அவர் பகலிலேயே கணப்படுப்பின் அருகே அமர்ந்து பழைய அச்செழுத்திலமைந்த பெரும் புத்தகமொன்றைப் படித்துக்கொண்டிருக்கக் கண்டாள் என்பர். அவர் யாரையும் அச்சுறுத்துவதில்லை; தம் வீட்டில் இருக்கிறார், அவ்வளவே. வாங்கியவரின் பேய் கணக்குப் பார்ப்பவரைப் போல அமைதியாக அமர்ந்திருக்கிறது.

மற்றையது கரிய துறவி. பறிகொடுத்தவரின் பேய் இது. பைரன் குடும்பத்துக்குத் தீங்கு நேரவிருக்கும் வேளைகளில் இது தோன்றும் என்பது நம்பிக்கை. 1815 சனவரியில் நடந்த, ஓராண்டளவே நீடித்த தமது திருமணத்துக்குச் சற்று முன் இதனைத் தாம் கண்டதாகக் கவிஞர் பைரனே கூறியிருக்கிறார். இவ்விரு பேய்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பது தற்செயலன்று. 1540 ஆம் ஆண்டு விற்பனையின் இரு தரப்பினரும் மாளிகையை விட்டு அகலவில்லை. நீதிமன்றத்துக்கு வராத ஒரு வழக்கு வாய்மொழியில் நடந்துகொண்டிருந்தது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உடைமையாளருள் ஐந்தாவது பைரன் பிரபுவை மட்டும் குறிப்பிடுதல் போதும். ‘பொல்லாத பிரபு’ என ஊரார் அவரை அழைத்தனர். 1765 சனவரியில் இலண்டன் விடுதியொன்றில், தம் உறவினரும் அயல் நிலவுடைமையாளருமான வில்லியம் சாவோத்தை அவர் வாளாற் குத்திக் கொன்றார். தகராறு எதைப் பற்றியது? வேட்டைப் பிராணிகளைத் தோட்டத்திற் காப்பது எங்ஙனம், களவாக வேட்டையாடுவோரை எவ்வளவு கடுமையாகத் தண்டிப்பது என்பது பற்றி! முயல் திருடிய ஏழைக்கு அக்காலச் சட்டம் இரக்கம் காட்டியதில்லை. மனிதனைக் கொன்ற பிரபுவையோ பிரபுக்கள் சபை விசாரித்து, நோக்கமில்லாக் கொலை எனத் தீர்த்து, பிரபுவுக்குரிய சலுகையின் பேரில் கட்டணம் செலுத்தச் சொல்லி விட்டுவிட்டது. பின்னர் அவர் தோட்டத்து மரங்களை வெட்டி விற்றார். றொச்டேல் நிலத்தின் நிலக்கரி உரிமையைச் சட்டத்துக்குப் புறம்பாகக் குத்தகைக்குவிட்டார். 1798 இல் அவர் இறந்தபோது வீட்டுச் சிள்வண்டுகள் கூட்டமாக வெளியேறின என்பது ஊர்க்கதை. வீழ்ந்துகொண்டிருந்த ஒரு வர்க்கப் பிரிவின் பொருளியல் நெருக்கடி மக்கள் வாயில் சிள்வண்டுகளின் வெளியேற்றமாயிற்று.

நியூஸ்ரெட்டைக் கண்டு வியந்தவர்களுள் ஹொரஸ் வோல்போல் ஒருவர். அவர் 1760 இல் அங்கு சென்றார். 1764 இறுதியில் அவர் வெளியிட்ட ‘ஒற்றாந்தோக் கோட்டை’ பேய்நாவல் என்னும் இலக்கிய வகையைத் தொடக்கிவைத்தது. பிறர் உரிமையைப் பறித்து ஆளும் குடும்பமொன்று, பறிகொடுத்தவரின் ஆவியால் அழிவதே அதன் கதைக்கரு. நியூஸ்ரெட்தான் இதற்கு ஊற்று என வாதிப்பது மிகையாகும். ஆயினும் சொத்துரிமையின் கறையே இவ்விலக்கிய வகையின் மூலப்பொருள் என்பது வெளிப்படை. எம் விமரிசகர் பலர் இவ்வகை நாவல்களை வெறும் திகில் எனக் கொண்டு கடந்துவிட்டது பேரிழப்பு.

பத்து வயதில் மாளிகைக்கு உரியவரான கவிஞர் பைரனின் நடத்தை இங்கு விநோதமானது. தோட்டத்தில் அகப்பட்ட மண்டையோட்டை, துறவி ஒருவருடையதாய் இருக்கலாமெனக் கருதி, மெருகேற்றி மதுக்கிண்ணமாக்கினார். 1809 இல் நண்பரும் அவரும் வாடகைக்கு எடுத்த துறவியுடைகளை அணிந்து விடிய விடியக் குடித்தனர். தம் நாய்க்கு, மடத்துக் கோயிலின் பலிபீடம் இருந்ததாகக் கருதப்பட்ட இடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பினார். பறிகொடுத்தவரின் உருவத்தைப் பறித்தவரின் வாரிசு வேடிக்கைக்காக அணிந்துகொள்கிறார். இதே அனுபவம் பின்னர் ‘தோன் யுவான்’ காவியத்தில் கலையாயிற்று. அதன் 13 ஆம் காண்டத்தில் வரும் நோமன் மடமாளிகை நியூஸ்ரெட்டே. 1824 இல் வெளியான 16 ஆம் காண்டத்தில், மாளிகையை விட்டகல மறுத்த துறவியைப் பற்றிப் பிரபுவின் மனைவி பாடுகிறாள். இரவு நேரத்து உரிமை இன்னும் அத்துறவிக்கே என்பது அப்பாடலின் கருத்து. ஈற்றில் கதாநாயகன் துணிந்து கைநீட்டிப் பேயைத் தொட, துறவியின் அங்கிக்குள் இருப்பவள் விருந்துக்கு வந்த ஒரு கோமாட்டி. தம் வர்க்கத்தின் குற்றவுணர்வு எவ்வாறு அதன் பொழுதுபோக்காக மாறிவிட்டது என்பதை இதனிலும் கூர்மையாகக் காட்டிய கவிஞர் எவரையும் யாம் அறியோம். பைரனை வெறும் தனிமனிதக் கலகக்காரராக ஒதுக்குவோர் இக்காண்டத்தை மீண்டும் படிக்க வேண்டும்.

ஒரு பேய்க்கதை தோன்றியிருக்கக்கூடிய, ஆயின் தோன்றாத இடத்தை இனி நோக்குவோம். 1811 நவம்பரில் நியூஸ்ரெட்டுக்கும் நொற்றிங்ஹாமுக்கும் இடையிலுள்ள புல்வெல் ஊரில், காலுறை பின்னும் பொறிகளை உடைக்கச் சென்ற தொழிலாளருள் ஜோன் வெஸ்ற்லி என்பவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அத்தொழிலாளர் இயந்திரத்தை அறியாமையால் வெறுத்தவரல்லர். கூலிக் குறைப்பையும், தொழிலின் பெயரைக் கெடுத்த மலிந்த பண்டங்களையும் எதிர்த்தவர். ஈ. பி. தொம்சன் 1963 இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளர் வர்க்க வரலாறு இதனை ஐயந்திரிபற நிறுவியுள்ளது. அவர்களுக்கு ஒரு தலைவன் இருந்தான்: நெட் லுட். அவன் கடிதங்கள் ஷேவூட் காட்டிலுள்ள தன் அலுவலகத்திலிருந்து எழுதப்பட்டனவாகக் கையொப்பம் தாங்கின. நியூஸ்ரெட்டும் அப்பழங்காட்டின் எல்லைக்குள் அமைந்ததே. அப்படியொரு மனிதன் வாழ்ந்ததேயில்லை. உடலற்ற ஒருவன் இரவில் வந்து பொறிகளை நொறுக்கிச் சென்றான். அவனைப் பிடிக்க ஆயிரக்கணக்கான படையினர் அனுப்பப்பட்டனர். மாளிகையின் பேய் உடைமையாளரின் மனச்சாட்சியிற் பிறந்தது. நெட் லுட்டோ உழைப்போரின் அமைப்பிற் பிறந்தவன். பொறியுடைப்புக்கு மரணதண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து 1812 பெப்ரவரி 27 இல் பைரன் பிரபுக்கள் சபையில் தம் கன்னியுரையை நிகழ்த்தினார். மசோதா சட்டமாயிற்று.

கடன் முற்றிய பைரன் 1817 இல் மாளிகையைத் தம் பள்ளித்தோழர் தோமஸ் வைல்ட்மனுக்கு 94,500 பவுணுக்கு விற்றார். இப்பணம் எங்கிருந்து வந்தது? வைல்ட்மன் குடும்பத்தார் யமேக்காவின் பெருந்தோட்டச் செல்வரான வில்லியம் பெக்போட்டின் சட்டத்தரணிகளாகவும் முகவர்களாகவும் இருந்தவர்கள். பெக்போட் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தபடியே ‘வதெக்’ என்ற மாயநாவலை எழுதியவர். யமேக்காவிலிருந்த அவரது க்யூபெக் கரும்புத் தோட்டம் வைல்ட்மன் குடும்பத்தின் கைக்கு வந்தது. அத்தோட்டத்து அடிமைகளின் உழைப்பே நியூஸ்ரெட்டின் இடிந்த கூரைகளைச் செப்பனிட்டது. 1833 இல் நிறைவேறிய ஒழிப்புச் சட்டம் அடிமை உடைமையாளருக்கென 2 கோடிப் பவுண் ஒதுக்கியது. வைல்ட்மனும் தம் பங்கைப் பெற்றார். அடிமைகளாயிருந்தோர் ஒரு சதமும் பெற்றாரல்லர்.

இர்விங் நியூஸ்ரெட்டின் கணப்படுப்பருகே பேய்க்கதை கேட்ட 1832 சனவரி மாதத்திலேயே யமேக்காவின் மேற்குப் பகுதியில் சாமுவேல் ஷாப் தலைமையில் எழுந்த அடிமைகளின் பெருங்கிளர்ச்சி நசுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முன்னூறுக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். இர்விங்கின் நூலில் முந்நூறு ஆண்டுக்கு முன் ஓய்வூதியத்தோடு அனுப்பப்பட்ட துறவிக்கு இரங்கல் உண்டு. க்யூபெக் தோட்டத்துக்கு ஒரு பேயும் இல்லை. காரணம் தொலைவு மட்டுமன்று. துறவியின் உரிமை மீளப் பெற முடியாதவாறு காலாவதியாகிவிட்டது. ஆகவே அவரைப் பேயாக ஏற்பதால் உடைமையாளருக்கு நட்டமில்லை. கரும்புத் தோட்டத்துக் கணக்கோ அப்போது இன்னும் தீராதது.

இதே நூலில் வரும் ‘வெள்ளைச் சீமாட்டி’யின் கதையும் இங்கு பொருந்துவது. சோபியா ஹையற் என்பது அவள் பெயர். புத்தக வியாபாரியொருவரின் மகள். செவிப்புலனும் பேச்சும் அற்றவள். கற்பலகையில் எழுதியே பிறரோடு உரையாடினாள். பைரனின் கவிதைமீது கொண்ட பற்றினால் நியூஸ்ரெட்டின் அயலிலிருந்த பண்ணை வீடொன்றில் தங்கி, வெண்ணிற ஆடையோடு தோட்டத்தில் நாள்தோறும் உலவினாள். பணம் முற்றாகத் தீர்ந்தபோது 1825 இல் அவ்விடத்தை விட்டு நொற்றிங்ஹாமுக்குச் சென்றாள். வைல்ட்மனின் மனைவி புகலிடம் அளிக்க முன்வந்து ஆளனுப்பினார். ஆள் சென்றடையுமுன், பின்னால் வந்த வண்டிக்காரனின் கூச்சல் கேளாது, வண்டியில் அகப்பட்டு இறந்தாள். ஹக்னோல் கோயில் வளவில், பைரனின் கல்லறைக்கு இயன்றளவு அண்மையில் அவளைப் புதைத்தனர். பின்னர் அவள் தோட்டத்திற் பேயாக உலவுவதாகக் கதை எழுந்தது. உயிரோடிருந்தபோது உறவும் வருவாயும் அற்றிருந்த அப்பெண்ணுக்கு மாளிகையில் நிலையான இடம் கிடைத்தது இறந்த பின்னரே. எழுத்தும் பைரன் மீதான பக்தியும் அவளைப் பேயாகும் தகுதியுடையவளாக்கின. புல்வெல்லிற் சுடப்பட்ட வெஸ்ற்லிக்கு அத்தகுதி இருக்கவில்லை.

வைல்ட்மனுக்குப் பின் 1861 இல் மாளிகையை வாங்கிய வில்லியம் வெப் ஆபிரிக்காவில் வேட்டையாடியவர். அவருடைய விருந்தாளியாக லிவிங்ஸ்ரன் 1864-65 இல் அங்கு தங்கித் தம் சாம்பெசிப் பயண நூலை எழுதினார். 1931 இல் தளபாட வணிகர் சேர் ஜூலியன் கான் மாளிகையை வாங்கி நொற்றிங்ஹாம் மாநகர சபைக்கு அன்பளித்தார். 1937 இல் தம் சொந்தக் கிரிக்கெட் குழுவோடு இலங்கைக்கும் வந்துபோனவர் இவர்.

இதற்கிடையில் 1870 களில் மாளிகையின் அண்மையில் நியூஸ்ரெட் நிலக்கரிச் சுரங்கம் தோண்டப்பட்டது. தொழிலாளருக்கென வரிசை வீடுகளோடு ஒரு கிராமம் எழுந்தது. அதற்கும் நியூஸ்ரெட் என்றே பெயர். மாளிகையின் புகழ்பெற்ற பேய்களுள் ஒருவரேனும் சுரங்கத் தொழிலாளியல்லர். 1984-85 வேலைநிறுத்தத்தின்போது நொற்றிங்ஹாம் மாவட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். அதன் கசப்பு குடும்பங்களைப் பிரித்தது. வேலைக்குச் சென்றமையால் சுரங்கம் காக்கப்படவில்லை. 1987 இல் அது மூடப்பட்டது. கழிவு மேடுகள் இருந்த நிலம் பின்னர் பொதுப் பூங்காவாக்கப்பட்டது.